தோற்றம், மறைவு: தொலைக்காட்சிக் காலத்து மனிதர்களின் தேதிகளை உறுதிசெய்ய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

ஊர்த் தெருக்கூத்து வாத்தியார், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், கபடி வீரர், சின்னத்திரை நடிகர் என்று உங்கள் வட்டாரத்தில் பெயர் எடுத்த ஒருவர் மறைந்துவிட்டார். அவரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் போடவோ, பள்ளி ஆண்டு மலரில் குறிப்பு எழுதவோ உட்காருகிறீர்கள். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுத் தோற்றமும் மறைவும் எழுத வேண்டிய முதல் வரியிலேயே வேலை நின்றுவிடும்.

தொலைக்காட்சி வந்தபின் பிறந்து மறைந்தவர்தானே, எல்லாம் பதிவாகியிருக்கும் என்று நினைத்துத்தான் பலரும் இறங்குகிறார்கள். மறைவு பதிவாகியிருக்கும். பிறந்த தேதியோ பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று, அஞ்சலி போஸ்டரில் ஒன்று என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அதனால் மறைவில் தொடங்கிப் பின்னோக்கிப் போவதுதான் செலவும் அலைச்சலும் குறைந்த வழி. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். நேராகப் பிறப்புச் சான்றிதழ் தேடித் தாலுகா அலுவலகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

1. 'தொலைக்காட்சிக் காலம்' எங்கே தொடங்குகிறது என்று முடிவு செய்யுங்கள்

ஒருவருக்கு மட்டும் பக்கம் எழுதுகிறீர்கள் என்றால் இதைத் தாண்டிப் போகலாம். பட்டியல் போடுகிறவர்கள் மட்டும் நில்லுங்கள்.

மூன்று எல்லைகள் புழங்குகின்றன. லண்டனில் பிபிசி முறையான ஒளிபரப்பைத் தொடங்கிய 2-11-1936, டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கிய 15-9-1959, சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய 15-8-1975. எதை எடுத்தாலும் சரி, ஒன்றை மட்டும் எடுத்து, பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

எல்லை மாறினால் ஆள் மாறுவார். கவிஞர் நா. முத்துக்குமார் பிறந்தது 12-7-1975. டெல்லிக் கணக்கில் அவர் பட்டியலில் இருப்பார். சென்னைக் கணக்கில் 34 நாள் வித்தியாசத்தில் வெளியே போய்விடுவார். பாடகி ஸ்வர்ணலதா (29-4-1973 – 12-9-2010) சென்னைக் கணக்கில் இல்லை, பவதாரிணி (23-7-1976 – 25-1-2024) உண்டு. தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியோ (1878 – 1972) எந்தக் கணக்கிலும் வரமாட்டார். டிவி வந்தபின் மறைந்தவர் என்பதால் அவரைச் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. பிறப்பு, மறைவு இரண்டும் எல்லைக்குள் விழ வேண்டும்.

தமிழ்நாட்டுப் பட்டியலுக்கு 1959 எல்லையே உத்தமம். 1975-ஐ எடுத்தால் பட்டியல் மெலிந்து, இளவயதில் போனவர்களின் வரிசையாக மட்டும் ஆகிவிடும்.

2. பக்கம் நிற்குமா என்று முதலில் பாருங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் இதைக் குறிப்பிடத்தக்கமை என்பார்கள். ஆளைப் பற்றி, அவரோடு தொடர்பில்லாதவர்கள் எழுதி அச்சிலோ இணையத்திலோ வெளியான கட்டுரை குறைந்தது இரண்டாவது கையில் இருக்க வேண்டும். கண்ணீர் அஞ்சலி விளம்பரம் காசு கொடுத்துப் போட்டது, அது சேராது. டிவியில் ஒரு நேர்காணல் வந்தது என்பதும் தனியாகப் போதாது.

நம் பக்கத்துக் கலைஞர்களுக்கு ஒரு நல்ல ஆதாரம் விருதுகள். இயல் இசை நாடக மன்றம் தரும் கலைமாமணி எல்லாருக்கும் தெரியும். மாவட்டக் கலை மன்றம் தரும் ஐந்து விருதுகளைப் பலரும் கவனிப்பதில்லை. அவை தகுதிக்கும் உதவும், வயதுக் கணக்குக்கும் உதவும். விருதின் பெயரே வயது வரம்பைச் சொல்லிவிடும்:

- கலை இளமணி: 18 வயது வரை
- கலை வளர்மணி: 19 முதல் 35
- கலைச் சுடர்மணி: 36 முதல் 50
- கலை நன்மணி: 51 முதல் 65
- கலை முதுமணி: 66-க்கு மேல்

ஒரு கூத்துக் கலைஞர் 2010-ல் கலைச் சுடர்மணி வாங்கியிருந்தால், அவர் ஏறத்தாழ 1959-க்கும் 1974-க்கும் இடையில் பிறந்தவர். வீட்டில் 1980 என்று சொன்னால் எங்கோ இடிக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

விருதுப் பட்டியலைக் கலை பண்பாட்டுத் துறையின் சேலம் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். நேரில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது. மனுவில் 'அவரைப் பற்றிய விவரம் தருக' என்று எழுதாதீர்கள். '2008 முதல் 2012 வரை மாவட்டக் கலை மன்ற விருது பெற்றோர் பட்டியல்' என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

3. மறைவு தேதியைப் பூட்டுங்கள்

நாளிதழ்ச் செய்தியில் உள்ள தேதி வேறு, மறைந்த தேதி வேறு. இரவு 11 மணிக்குப் போன உயிர் மறுநாள் காலைப் பதிப்பில் வராமல் அதற்கடுத்த நாள் வரலாம். அப்போது செய்தியில் 'நேற்று முன்தினம்' என்று இருக்கும். மாலைப் பத்திரிகையில் 'இன்று காலை' என்றால் அதே நாள். கத்தரித்து வைத்த துண்டில் பத்திரிகைத் தேதி இல்லையென்றால் அந்தத் துண்டு பாதிப் பயன்தான். கத்தரிக்கும் முன் முழுப் பக்கத்தையும், மேலே தேதி தெரிய, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டச் செய்தி சென்னைப் பதிப்பில் இல்லாமல் போகலாம் என்பதால் எந்த ஊர்ப் பதிப்பு என்பதையும் குறித்துவையுங்கள்.

அஞ்சலி போஸ்டரில் 'தோற்றம் – மறைவு' என்று இரண்டு தேதி இருக்கும். மறைவை நம்பலாம், தோற்றத்தை நம்ப வேண்டாம். வீட்டில் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில், பங்காளி ஒருவர் போனில் சொன்னதை டிடிபி கடையில் அடித்துக் கொடுத்திருப்பார்கள்.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி வைத்துத் தேதி பிடிக்கிறவர்கள் கவனிக்க. பல வீடுகளில் வருஷத் திவசம் திதிப்படி நடக்கும். திதி ஆங்கிலத் தேதியோடு ஒத்துப்போகாது, பத்துப் பன்னிரண்டு நாள்கூட முன்பின்னாக விழும். காரியத்தின் நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணுவதும் ஆபத்து. இறந்த நாளையே முதல் நாளாக எண்ணுகிற வீடும் உண்டு, மறுநாளிலிருந்து எண்ணுகிற வீடும் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தெலுங்கு, கன்னட வீடுகளில் காரியம் 11-ம் நாள் நடப்பதும் சகஜம்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன் 17-ம் பிரிவுப்படி பதிவேட்டில் தேடச் சொல்லி யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். வாரிசாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் இறப்புக்கான காரணத்தை அந்த நகலில் தரக்கூடாது. காரணத்தைக் கேட்டு அலுவலகத்தில் மல்லுக்கட்டாதீர்கள். நடைமுறையில், வாரிசு ஒருவரின் கையெழுத்துக் கடிதத்தோடு போனால் வேலை சீக்கிரம் நடக்கும். கடிதம் கேட்க 16-ம் நாள் காரியத்துக்கு முன் அந்த வீட்டுக்குப் போக வேண்டாம்.

2018-லிருந்து மறைந்தவர் என்றால் மாநில அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு இணையதளத்திலேயே பெரும்பாலும் சான்றிதழ் கிடைத்துவிடும், பணம் கட்ட வேண்டியதில்லை. அதற்கு முந்தையது என்றால் 5-வது படியைப் பாருங்கள்.

டிவியில் ஓடும் வரிச் செய்தியை வைத்து உடனே பக்கத்தைத் திருத்தாதீர்கள். உயிரோடு இருப்பவரைக் கொன்றுவிட்டு அரை மணி நேரத்தில் வரியை எடுத்துவிடுவார்கள். குடும்பமோ மருத்துவமனையோ சொன்னதாக அச்சில் வரும்வரை ஒருநாள் பொறுத்தால் எதுவும் கெட்டுப்போகாது.

4. பிறந்த தேதி: நான்கு தாள், நான்கு தேதி

பிறந்த தேதிக்கு உங்கள் கைக்கு வரக்கூடியவை இவை: பிறப்புப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஜாதகம், அவரே வெவ்வேறு காலத்தில் சொன்ன வயது. ஒவ்வொன்றும் தவறுவதற்கு ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று தெரியும்.

*பள்ளிச் சான்றிதழ்.* ஐந்து வயது நிறைந்தால்தான் சேர்க்கை என்பதால், தலைமையாசிரியரே ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொண்ட காலம் அது. மே, ஜூன் மாதத்தில், அதிலும் 1, 5, 10 என்று முழுசாக ஒரு தேதி இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆண்டு ஒன்றோ இரண்டோ முன்னும் பின்னும் போயிருக்கும். இது நம் ஊரில் மட்டும் நடந்ததும் இல்லை. விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லா பிறந்தது 17-3-1962. மெட்ரிகுலேசன் தேர்வுக்கு வயது போதவேண்டும் என்பதற்காகப் பள்ளியில் 1-7-1961 என்று போடப்பட்டது. 2003 பிப்ரவரி 1-ல் அவர் மறைந்தபோது உலகம் முழுக்கச் செய்தியானவர், அவருக்கே இரண்டு பிறந்த தேதி. அவருடைய பக்கங்களில் செய்திருப்பதுபோல் உண்மைத் தேதியை முதலிலும், ஆவணத் தேதியைக் காரணத்தோடு பின்னாலும் எழுதுவதுதான் முறை.

சேர்க்கைப் பதிவேட்டின் நகல் அரசுப் பள்ளியில் வாரிசுக் கடிதத்துக்குக் கிடைக்கும். கோடை விடுமுறையிலும் ஜூன் சேர்க்கை நெரிசலிலும் போகாதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பர் நல்ல காலம். தொடக்கப்பள்ளி இணைக்கப்பட்டோ மூடப்பட்டோ இருந்தால் பதிவேடு எந்தப் பள்ளிக்குப் போயிற்று என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

*ஜாதகம்.* குடும்பத்தார் இதைத்தான் அதிகம் நம்புவார்கள். நம்பத்தக்கதும்கூட, படிக்கத் தெரிந்தால். மூன்று இடத்தில் சறுக்கும்.

முதலாவது, நாள். பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. செவ்வாய் விடியற்காலை 3 மணிக்குப் பிறந்தவருக்கு ஜாதகத்தில் திங்கள் இரவு என்றுதான் இருக்கும். நள்ளிரவுக்குப் பின் உதயத்துக்கு முன் பிறந்தவர் என்றால் ஆங்கிலத் தேதியில் ஒன்று கூட்டுங்கள்.

இரண்டாவது, ஆண்டு. தமிழ் ஆண்டு ஏப்ரல் 14 வாக்கில் மாறும். ராட்சச ஆண்டு தை மாதம் என்றால் அது 1976 ஜனவரி, பிப்ரவரி. '1975 தை' என்று எழுதி வைத்திருப்பார்கள், அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் 1959-க்குப் பின் பிறந்து மறைந்தவர்களுக்குக் குழப்பம் பெரும்பாலும் வராது.

மூன்றாவது நம் மாவட்டங்களுக்கே உரியது. ஓசூர், தளி, சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதிய ஜாதகம் கிடைக்கும். அங்கே ஆண்டு யுகாதியில் தொடங்கும், மாதம் சந்திர மாதம். 'சைத்ரம்' என்பதைச் சித்திரை என்று மாற்றினால் ஒரு மாதம்வரை பிசகும். அந்த மொழி தெரிந்த புரோகிதரிடம், அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தோடு காட்டுங்கள். தட்சணை கொடுப்பது மரியாதை.

பஞ்சாங்கச் செயலிகளில் நட்சத்திரத்தைப் போட்டுத் தேதி சரிதானா என்று பார்த்துக்கொள்ளலாம். நட்சத்திரமும் கிழமையும் ஆங்கிலத் தேதியோடு மூன்றும் பொருந்தினால் அதைவிடப் பலமான உள்சாட்சி வேறில்லை.

*சொன்ன வயது.* ஊரில் வயது சொல்வது நடப்பு வயதாக இருக்கும். 'நாப்பத்தஞ்சு நடக்குது' என்றால் நிறைந்தது 44. அரசுத் தாளில் நிறைந்த வயதுதான் கணக்கு. தேர்தலில் நின்றவர் என்றால் வேட்புமனுவோடு கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். தேதியோடு வயது இருப்பதால் அது மிகவும் பயனுள்ள தாள். இரண்டு தாள் இருந்தால் ஆண்டு தானாகவே சுருங்கும்.

கணக்கு இப்படி. ஒருவர் 24-3-2011-ல் தாக்கல் செய்த பத்திரத்தில் வயது 45. அப்படியானால் அவர் 25-3-1965-க்கும் 24-3-1966-க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். அவர் 3-12-2019-ல், 54 வயதில் மறைந்தார் என்று செய்தி. அதன்படி 4-12-1964-க்கும் 3-12-1965-க்கும் இடையில். இரண்டுக்கும் பொதுவான பகுதி 25-3-1965 முதல் 3-12-1965 வரை. ஆண்டு 1965 என்று உறுதியாகிவிட்டது, ஒரு ரூபாய் செலவில்லாமல். இனி பதிவேட்டில் தேடச் சொல்லும்போது ஓர் ஆண்டை மட்டும் சொல்லலாம். இது ஏன் முக்கியம் என்பது அடுத்த படியில் வருகிறது.

முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இன்னொரு வசதி, பேரவையில் பேரவைத் தலைவர் படிக்கும் இரங்கல் குறிப்பு. மறைந்த நாள் அதில் தவறாமல் இருக்கும்.

5. சரியான அலுவலகத்துக்குப் போங்கள்

அதிக நாள் வீணாவது இங்கேதான்.

பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும், சொந்த ஊரில் பதிவாகாது. தலைச்சன் பிள்ளை தாய்வீட்டில் பிறப்பது வழக்கம். அப்பா ஊர் பாலக்கோடு, அம்மா ஊர் குப்பம் என்றால் பதிவு ஆந்திராவில் இருக்கும். மறைவும் அப்படித்தான். ஓசூர்க்காரர் பெங்களூரு மருத்துவமனையில் மறைந்தால் கர்நாடக அரசின் இ-ஜன்மா தளத்தில் தேட வேண்டும். அரூர்க்காரர் சேலத்தில் மறைந்தால் சேலம் மாநகராட்சி. ஆகவே வீட்டாரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எந்த ஊர்?' இல்லை, 'எந்தக் கட்டிலில்?' என்பதுதான்.

அடுத்தது மாவட்டம். 2-10-1965-க்கு முன் தருமபுரி என்று தனி மாவட்டமே இல்லை, எல்லாம் சேலம். 9-2-2004-க்கு முன் கிருஷ்ணகிரி மாவட்டமும் இல்லை, எல்லாம் தருமபுரி. 1962-ல் ஊத்தங்கரையில் பிறந்து 2010-ல் அதே வீட்டில் மறைந்தவர், வாசலைத் தாண்டாமலேயே மூன்று மாவட்டத்தைப் பார்த்தவர். பக்கத்தில் 'ஊத்தங்கரை, சேலம் மாவட்டம் (தற்போது கிருஷ்ணகிரி மாவட்டம்)' என்று பிறந்த இடத்தை எழுதுங்கள். அன்றைய பெயர் முதலில், இன்றைய பெயர் அடைப்புக்குறியில்.

தாலுகாவும் பிரிந்திருக்கிறது. காரிமங்கலத்தின் பழைய தாள் பாலக்கோட்டிலும், நல்லம்பள்ளியுடையது தருமபுரியிலும், பர்கூருடையது கிருஷ்ணகிரியிலும், சூளகிரியுடையது ஓசூரிலும், அஞ்செட்டியுடையது தேன்கனிக்கோட்டையிலும் இருக்க வாய்ப்பு அதிகம். புதுத் தாலுகா அலுவலகத்தில் 'இல்லை' என்றால் தாய்த் தாலுகாவில் கேட்காமல் திரும்பாதீர்கள்.

கிராமத்தில் நடந்தது என்றால் முதலில் கிராம நிர்வாக அலுவலர். பழைய பதிவேடு அவரிடம் இருக்காது, தாலுகா அலுவலகத்துக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ போயிருக்கும். எங்கே என்று அவர் சொல்வார். பேரூராட்சி, நகராட்சி என்றால் அங்கேயே சுகாதாரப் பிரிவு.

தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில். முதல் ஆண்டுக்கு ஒரு தொகை, கூடுதலாகப் புரட்டும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மேலும் ஒரு தொகை, நகலுக்குத் தனி. '1960-லிருந்து 70 வரை பாருங்கள்' என்றால் பணமும் போகும், எழுத்தரின் பொறுமையும் போகும். மேலே போட்ட கணக்கு இதற்குத்தான்.

மனுவில் எழுத வேண்டியவை: அப்பா பெயர், அம்மா பெயர், ஆணா பெண்ணா, ஊர், ஆண்டு. குழந்தையின் பெயரை மட்டும் நம்பித் தேடச் சொல்லாதீர்கள். பதிவு செய்யும்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பெயர்க் கட்டம் காலியாகவே நின்றிருக்கும். அம்மா பெயர்தான் உண்மையான திறவுகோல். பெயரின் எழுத்துகளையும் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கிருட்டிணன், கிருஷ்ணன், கிஷ்டப்பன் மூவரும் ஒரே ஆளாக இருப்பார்கள்.

வீட்டிலேயே பிரசவம் நடந்த காலத்தில் பதிவே ஆகாத பிறப்புகள் ஏராளம், மலைக் கிராமங்களில் இன்னும் அதிகம். அப்போது 'பதிவேட்டில் இல்லை' என்ற சான்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறொருவர் அதே தேடலுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

காலக் கணக்கு: பதிவு இருந்து, ஆண்டும் தெரிந்தால் ஓரிரு வாரம். பள்ளி, ஜாதகம், விருதுப் பட்டியல் என்று சுற்ற வேண்டியிருந்தால் இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். தேர்தல், ஜமாபந்தி, மழை வெள்ளம் நடக்கும் வாரங்களில் வருவாய்த் துறைப் பக்கமே போகாதீர்கள்.

6. டிவிக் காட்சியை ஆதாரமாக்குவது

இணையத்தில் ஏற்றிய தேதி ஒளிபரப்பான தேதி ஆகாது. 1990-களின் நேர்காணலைப் பத்தாண்டு கழித்து ஒருவர் ஏற்றியிருப்பார், அதில் 'எனக்கு இப்போ முப்பத்தெட்டு' என்று கலைஞர் சொல்வதை ஏற்றிய ஆண்டோடு கூட்டினால் வயது தலைகீழாகும். ஒளிபரப்பு ஆண்டைப் பிடிக்கத் திரையின் மூலையில் உள்ள சேனல் முத்திரையைப் பாருங்கள். சன் டிவி 1993 ஏப்ரலில் வந்தது, ஜெயா டிவி 1999-ல், புதிய தலைமுறை 2011-ல். சென்னைத் தொலைக்காட்சியில் பொதிகை என்ற பெயர் இருந்தால் அது 2024-க்கு முந்தையது, அதன்பின் டிடி தமிழ். ஓசூர்க் கலைஞர்கள் பெங்களூரு நிலையத்திலும் நிகழ்ச்சி கொடுத்திருக்கலாம், அது 1981-ல் தொடங்கியது.

உள்ளூர்க் கேபிள்காரர் எடுத்த திருவிழாக் கூத்துப் பதிவுகள் விஎச்எஸ் நாடாவில் கிடக்கும். பூஞ்சை பிடித்த நாடாவைப் பிளேயரில் ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடாவும் போகும், பிளேயரின் தலையும் கெடும். முதலில் சுத்தம் செய்யச் சொல்லி, பிறகு மாற்றச் சொல்லுங்கள். பெட்டியின் முதுகில் எழுதிய தேதியைப் படம் எடுத்து வையுங்கள். அது அடிக்கடி திருவிழாத் தேதியாக இருக்கும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

செய்தித் தளங்களின் இணைப்பு செத்துப்போவது வாடிக்கை. பார்த்த அன்றே, இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் இணைய ஆவணகத்தில் (Internet Archive) சேமித்துவிடுங்கள். பழைய நாளிதழுக்கு மாவட்ட மைய நூலகத்தை அதிகம் நம்ப வேண்டாம், இடம் இல்லாமல் பழைய கட்டுகளைக் கழித்துவிடுவார்கள். சென்னை கன்னிமாரா நூலகம் சட்டப்படி நாளிதழ்களைப் பெறும் நூலகம். ஒரு தேதிக்காகப் போகாமல், பத்துப் பெயர்கள் சேர்ந்தபின் ஒரே நடையில் முடியுங்கள்.

7. படம்

டிவித் திரையைப் படம் எடுத்து ஏற்றினால், விக்கிப்பீடியாவுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் நீக்கிவிடுவார்கள், காரணம் பதிப்புரிமை. இந்தியச் சட்டப்படி ஒளிப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. இந்தக் காலத்து மனிதர்களின் படங்கள் அநேகமாக எல்லாமே அதற்குள் அடங்கும்.

ஒரு வழி இருக்கிறது. காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே கல்யாண ஆல்பத்துப் படத்துக்குக் குடும்பத்தின் அனுமதி போதும். பத்திரிகைக்காரர் எடுத்ததற்குப் போதாது. குடும்பத்தாரே தங்கள் மின்னஞ்சலிலிருந்து அனுமதி அனுப்ப வேண்டும். வாட்ஸாப்பில் 'போட்டுக்கோங்க' என்று சொன்னது செல்லாது.

8. பக்கத்தில் ஏற்றுவது

கணக்குத் தொடங்கி, முதலில் உங்கள் மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் பக்கம்) எழுதுங்கள். செய்தியை அப்படியே ஒட்டினால் அன்றே நீக்கிவிடுவார்கள்.

தேதி வார்ப்புருவில் (விவரத்தை நிரப்பும் ஆயத்த அச்சு) வரிசை ஆண்டு, மாதம், நாள். நாம் எழுதும் வழக்கத்துக்கு நேர் எதிர். 12-7 என்பதை மாற்றிப் போட்டு டிசம்பர் 7 ஆக்கிவிடுவது சாதாரணமாக நடக்கும். ஏற்கெனவே பக்கம் இருந்தால், பிறப்புக்கு 'வயதோடு கூடிய' வார்ப்புரு இருக்கும். அதை வெறும் பிறந்த தேதி வார்ப்புருவாக மாற்றாவிட்டால், மறைந்தவருக்கு ஆண்டுதோறும் வயது ஏறிக்கொண்டே போகும். வாழும் நபர்கள் என்ற பகுப்பை (பக்கத்தின் அடியில் உள்ள வகைப் பெயர்) எடுத்துவிட்டு, பிறப்பு ஆண்டுக்கும் இறப்பு ஆண்டுக்கும் உரிய பகுப்புகளைச் சேருங்கள். 'தருமபுரி மாவட்ட நபர்கள்' போன்ற பகுப்பு அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு. 2004-ல் பாப்பாரப்பட்டி அருகே சுடப்பட்ட வீரப்பனைப்போல மறைவு மட்டும் இங்கே என்றால் அதில் சேர்க்க வேண்டாம், அவர் பிறந்தது கர்நாடகத்து கோபிநத்தம்.

இரண்டு தேதிக்கும் சமமான ஆதாரம் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. நடிகை சௌந்தர்யா 17-4-2004-ல் விமான விபத்தில் மறைந்தார் என்பதில் ஐயமே இல்லை. பிறந்த ஆண்டை 1972 என்றும் 1976 என்றும் எழுதுகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் '1972 அல்லது 1976' என்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் கொடுங்கள். நீங்கள் எடுத்த பிறப்புப் பதிவு நகலை மட்டும் வைத்து அச்சில் வந்ததை அழித்து எழுதாதீர்கள். அதைப் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையோடு இணைந்த விவாதப் பக்கம்) விளக்குங்கள். அதைவிட, அந்தத் தேதியோடு உள்ளூர் இதழிலோ மலரிலோ ஒரு கட்டுரை வரச்செய்தால் அதை மேற்கோளாகக் காட்டலாம்.

சாதி, வீட்டு முகவரி, பிள்ளைகளின் பெயர், குடும்பம் சொல்ல விரும்பாத மரணக் காரணம், இவற்றை எழுதாதீர்கள். நகலில் உள்ள பதிவு எண்ணையும் படம் பிடித்துப் போட வேண்டாம், அதை வைத்துச் சான்றிதழை யாரும் இறக்கிவிடலாம்.

பக்கம் போட்ட சில மாதத்தில் யாராவது பெயரில்லாமல் வந்து தேதியை மாற்றுவார்கள். பெரும்பாலும் உறவினர்தான். உடனே மீட்டெடுக்காமல், பேச்சுப் பக்கத்தில் ஆதாரம் கேளுங்கள். ஜாதகத்தை வைத்துக்கொண்டு வந்திருந்தால் 4-வது படியில் சொன்ன மூன்று சறுக்கல்களையும் அவரோடு சேர்ந்து சரிபாருங்கள். பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் போட்டு வையுங்கள், பிறந்த நாளும் நினைவு நாளும் வரும் வாரங்களில் தவறாமல் ஒருமுறை திறந்து பாருங்கள்.